ஹெட்லைட் ஸ்விட்ச் சுடுகிறது, வெளிச்சம் மங்குகிறது: பழைய காருக்கு உதவி வேண்டும்

தகரடப்பா:
வணக்கம். என் கார் 1960களின் கடைசியில் வந்தது. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை கார் உடலோடு இணைந்தது). ஓட்டத்தில் குறையில்லை, ஹெட்லைட்தான் தொல்லை. போட்டவுடன் ஓரளவு எரிகிறது. பத்து நிமிடத்தில் மஞ்சளாகி மங்கிவிடுகிறது. டாஷ்போர்டு ஸ்விட்சைத் தொட்டால் நல்ல சூடு. குமிழை லேசாக மேலே தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் கூடுகிறது, விட்டால் பழையபடிதான். பல்புகள் புதியவை, 55 வாட். பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கிறது.

ஸ்விட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். ஆன் நிலையில் 0.4 ஓம், பீப் சத்தமும் வருகிறது. அப்படியென்றால் ஸ்விட்ச் நன்றாகத்தானே இருக்கிறது? வயரிங்கை மொத்தமாக மாற்ற வேண்டுமா? இந்த ஸ்விட்ச் இப்போது கிடைப்பதில்லை, பிரிக்கவும் பயமாக இருக்கிறது.

அவசரக்குடுக்கை:
துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துவிட்டு இருபது முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

கம்பிச்சுருள்:
அண்ணே, எத்தனை நாளைக்குச் சரியானது என்றும் சொல்லுங்கள்! ஸ்ப்ரே பழைய கிரீஸைக் கரைத்து, அழுக்கோடு சேர்த்துத் தொடுமுனைகளின் (ஸ்விட்ச் போடும்போது ஒன்றையொன்று தொடும் உலோகப் பகுதிகளின்) மேலேயே பரப்பிவிடும். அதுவும் தீப்பற்றக்கூடியது. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அடிக்கவே கூடாது.

தகரடப்பா, மீட்டரின் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்புவது சில மில்லி ஆம்பியர்தான். உங்கள் இரண்டு பல்புகள் இழுப்பது 9 ஆம்பியருக்கு மேல். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் எவ்வளவு காட்டுகிறது? 0.2 என்றால் அது மீட்டர் வயரின் தடை, ஸ்விட்சின் தடை மீதி 0.2 ஓம். பார்வைக்குச் சின்ன எண். ஆனால் 9 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 1.8 வோல்ட் போய்விடும். 16 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பெட்டிக்குள். ஸ்விட்ச் சுடாமல் என்ன செய்யும்? வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும்.

ஸ்விட்சை மாட்டி, விளக்கை எரியவிட்டு, அதன் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பிறகு பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட், அதிகம் போனால் 0.2. அதைப் பார்க்காமல் வயரிங்கில் கை வைக்காதீர்கள்.

தகரடப்பா:
மீட்டர் முனைகளைத் தொடவைத்தால் 0.2 ஓம்தான். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பில் 9.7. ஸ்விட்சில் மட்டும் 1.8 போகிறது! எர்த்தில் 0.5.

கம்பிச்சுருள்:
ஆக, வயரிங்கில் போவது மீதி 0.4தான். அதை மொத்தமாக மாற்ற வேண்டியதில்லை. முதலில் எர்த்: போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் பளபளக்கும் வரை சுரண்டி, திரும்ப இறுக்குங்கள்.

அப்புறம் ஸ்விட்ச். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எந்த வயர் எந்த முனையில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையை மடித்துப் பிடித்திருக்கும் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள், இரண்டாம் முறை வளைத்தால் ஒடிந்துவிடலாம். பல ஸ்விட்சுகளில் ஸ்பிரிங்கும் சின்ன உலோகக் குண்டும் இருக்கும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரித்தால் பறந்து போகாது. நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு குண்டைத் தொலைத்த பிறகு.

கெட்டியான கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் வினிகரில் சில நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். தொடுமுனையில் வெள்ளி முலாம் இருக்கலாம் என்பதால் முரட்டு உப்புத்தாள் வேண்டாம், 1000க்கு மேற்பட்ட நயமான தாளால் லேசாக. இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அதன் துகள் உள்ளே ஷார்ட் ஆக்கும். பின்புறம் வயர் செருகும் முனை தளர்ந்து கருகியிருந்தால் புதிய முனையை வயரில் கிரிம்ப் செய்யுங்கள் (நசுக்கிப் பொருத்துங்கள்).

இரவுப்பயணி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பேக்கலைட் (ஸ்விட்சின் கெட்டி பிளாஸ்டிக் பகுதி) விரிசல் விட்டிருந்தாலோ, சூட்டில் ரிவெட் ஆடினாலோ, சுத்தம் செய்து பயனில்லை.

நன்றாக இருந்தாலும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) போட்டுவிடுங்கள். டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே. ரிலேயின் முனை எண்கள்: பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30, விளக்குக்கு 87, டிம், பிரைட் மாற்றும் டிப்பர் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் 86, எர்த் 85. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரிலே சுருள் கால் ஆம்பியர்கூட இழுக்காது, பழைய ஸ்விட்சுக்குப் பாரமே தெரியாது.

அவசரக்குடுக்கை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். என் ஸ்விட்ச் நேற்று மறுபடி சுட்டது.

தகரடப்பா:
பிரித்துவிட்டேன். உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகி, ஒரு தொடுமுனை கரியாகக் கறுத்திருந்தது. ரிவெட் உறுதியாகத்தான் இருக்கிறது. சுத்தம் செய்து மாட்டியதும் ஸ்விட்சில் 0.15 வோல்ட், எர்த்தில் 0.1, பல்பில் 11.8. அரைமணி எரியவிட்டேன், குமிழ் சூடாகவில்லை. ரிலே வாங்கியாகிவிட்டது, இந்த வாரக் கடைசியில் மாட்டுகிறேன்.

பைக்குள்தான் பிரித்தேன். மாட்டும்போது பையை மறந்துவிட்டேன்! இரண்டு குண்டில் ஒன்று போயே போய்விட்டது. சைக்கிள் பால்ஸில் ஒன்று அளவாகப் பொருந்தியது. அதையே விட்டுவிடலாமா?

கம்பிச்சுருள்:
தாராளமாக. என் ஸ்விட்சிலும் அதுதான் இருக்கிறது.