கூட்டத்துக்குள் மாட்டிய அனுபவம் உண்டா?

வாளையார் தம்பி:
2020 மே, கொரோனா ஊரடங்கு, கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட். பாஸ் இல்லாமல் வந்தவர்களை நிறுத்தினார்களே, அதில் நானும் ஒருத்தன். நல்ல வெயில். ஒரு சேச்சி செருப்பைக் கழற்றி வரிசையில் போட்டுவிட்டு லாரி நிழலில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ரோடெல்லாம் செருப்பு, பை, தண்ணீர் பாட்டில். யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் ஒருத்தன் நைசாக முன்னால் நகர்ந்ததும் நாலு பக்கமும் குரல்: “சேட்டா, செருப்பு எவிடே?” பழைய விதி உதவாத இடத்தில் கூட்டமே புது விதி போட்டுக்கொள்ளும் என்று சமூகவியலாளர்கள் டர்னரும் கில்லியனும் 1957-லேயே எழுதியது இதைத்தான். கூட்டம் என்றாலே புத்தி கழன்றுவிடும் என்கிற பிரெஞ்சு எழுத்தாளர் லெ போனின் 1895-ம் வருடக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

கம்பம் மாமா:
தம்பிக்கு வாய்த்தது சாதுக் கூட்டம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுக்காகக் குமுளிப் பக்கம் திரண்டு போனோமே, அங்கே பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், கையில் கல்லோடு நிற்கிறார். எறியவில்லை. இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், எத்தனை பேர் எறிந்தாயிற்று என்று எண்ணுகிற மாதிரி. அப்புறம் எறிந்தார். புத்தி கழன்றவர் எண்ண மாட்டார், அதுவரை சரி. ஆனால் சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1978-ல் போட்ட கணக்கைப் பாருங்கள்: நூறு பேரில் ஒருத்தன் தானாகத் தொடங்குவான், அடுத்தவனுக்கு முன்னால் ஒருத்தன் போதும், அதற்கடுத்தவனுக்கு இரண்டு பேர், இப்படியே போய் நூறு பேரும் கலவரத்தில். அந்த இரண்டாமவனும் ‘முதலில் இரண்டு பேர் எறியட்டும்’ என்கிற ஆளாக இருந்தால் ஒரே கல்லோடு முடிந்திருக்கும். அன்றைக்கு அவன் யாரோ.

சித்தூர் மருமகள்:
இரண்டு பேரும் நின்று யோசிக்க இடமிருந்த கூட்டத்தைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்து ஜாத்திரையில் என் கால் தரையிலேயே இல்லை, ஆனால் நகர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் தள்ளியவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள், முன்னால் நடப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? சதுர மீட்டருக்கு ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும் என்கிறார் கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஃப்ரூயின். பெரும்பாலும் உயிர் போவது மிதிபட்டு இல்லை, மூச்சு முட்டித்தான். 2011 ஜனவரி 14 அன்று சபரிமலைப் பக்கம் புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்களே. அதனால் கேளுங்கள்: இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். எதிர்த்துத் தள்ளாதீர்கள், அலை ஓயும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். போன் விழுந்தால் போகட்டும், குனியவே கூடாது. கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள், என் நாத்தனாரிடம் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.