ஸ்பீடிங் டிக்கெட்: கோர்ட்டில் வழக்காடும் முன் எந்த ஆதாரங்களைக் கேட்கணும்?

கேள்வி:
80 கி.மீ. வேகப் பகுதியில் 104 போனதாக டிக்கெட். விசாரணைக்கு ஆறு வாரம் இருக்கு. "எல்லா ஆதாரமும் வேணும்"னு அரசுத் தரப்புக்கு எழுதினேன். டிக்கெட்டின் நகல் மட்டும் வந்தது. அடுத்து என்ன செய்யணும்?

பதில் 1:
"எல்லாம்"னு கேட்டால் கைக்குக் கிடைத்ததைத் தந்து முடிச்சிடுவாங்க. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்க: காவலர் எழுதிய குறிப்புகள், வேகம் அளந்த கருவியின் மாடலும் சீரியல் எண்ணும், கேலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்குதான்னு சரிபார்த்த) சான்றிதழ், அன்றைய பணிக்கு முன்னும் பின்னும் கருவியைச் சோதித்த பதிவு, காவலரின் பயிற்சிச் சான்று. வீடியோவுக்கு மட்டும் இன்றைக்கே தனிக் கடிதம் போடுங்க. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு பதிவுகள் தானாக அழியும். "அழிக்காமல் வைத்திருக்கவும்" என்ற வரி கட்டாயம் வேணும். அனுப்பியதற்கு அத்தாட்சியும் கையில் இருக்கணும்.

பதில் 2:
அளந்தது ராடாரா, லேசரா?

கேட்டவர்:
லேசர். தூரம் 310 மீட்டர்னு டிக்கெட்டில் இருக்கு.

பதில் 2:
அப்போ டியூனிங் ஃபோர்க் (தட்டினால் அதிரும் சோதனைக் கவை) பதிவைக் கேட்காதீங்க, அது ராடாருக்கு. தெரிந்த தூரத்தை அளந்து பார்த்த பதிவு, குறிநோக்கி (குறிபார்க்கும் கண்ணாடி) நேராக இருக்கான்னு பார்த்த பதிவு, இந்த இரண்டும்தான் உங்களுக்கு வேணும். லேசர் கதிரின் விரிவு பொதுவாக 3 மில்லிரேடியன், அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு 3 மில்லிமீட்டர். 310 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம்கூட வராது. ராடார் கற்றை 12 டிகிரின்னா அதே தூரத்தில் சுமார் 65 மீட்டர். அதனால் "பக்கத்து வண்டியை அளந்துட்டாங்க" என்ற வாதம் லேசரிடம் சுலபத்தில் எடுபடாது. "ஓரமா நின்னு சாய்வா அளந்தாங்க"ன்னும் சொல்லிடாதீங்க. நின்ற இடத்திலிருந்து சாய்வாக அளந்தால் கருவி உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். நீங்களே கூடுதல் வேகத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்!

கேட்டவர்:
திரும்பவும் தராவிட்டால்?

பதில் 1:
இரண்டு வாரத்தில் நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் விசாரணை நாளுக்கு முன்பே கோர்ட்டில் மனு. இரண்டு கடித நகலையும் மனுவோடு இணைங்க. அன்றைக்கு முதல் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே விஷயத்தை எழுப்பிடணும். சாட்சியம் தொடங்கிய பிறகு சொன்னால் எடை குறையும். வழக்கே தள்ளுபடி ஆகும்னு நம்பி இருக்காதீங்க, பெரும்பாலும் வாய்தாதான் கிடைக்கும். மாற்றுக் கோரிக்கையாக "தராத ஆதாரத்தை ஏற்கக் கூடாது"ன்னும் கேட்டு வைங்க.

ஆவணங்கள் வந்ததும் முதல் வேலை, சான்றிதழில் உள்ள சீரியல் எண்ணும் காவலர் குறிப்பில் உள்ளதும் ஒன்றுதானான்னு பார்க்கிறது.