சேற்று வரப்பில் எப்படி நடப்பது? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். போன ஞாயிறு காரைக்குடியில் இருந்து 11 பேர் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்குப் பறவை பார்க்கப் போனோம். தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர், கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977இல் அறிவித்த வேட்டங்குடி சரணாலயத்துக் கண்மாய்கள் அங்கேதான் இருக்கின்றன. ரோட்டிலேயே போயிருக்கலாம். வயல் வழியாக நடப்போம் என்று ஆசைப்பட்டது நான்தான்.

முந்தின இரவு நல்ல மழை. ஓரடி அகலம்கூட இல்லாத வரப்பில் ஒற்றை வரிசையாகப் போனோம். நாலு எட்டு வைப்பதற்குள் ஷூவின் அடியில் சேறு இட்லி இட்லியாக அப்பிக்கொண்டது. அக்கா வழுக்கிக் காலை ஊன்றிய இடத்தில் வரப்பு உடைந்து, மேல் வயல் தண்ணீர் கீழே ஓடிவிட்டது. வயல்காரர் திட்டவில்லை, மண்வெட்டியோடு வந்து பேசாமல் அடைத்தார். அதுதான் ரொம்பச் சங்கடமாகிவிட்டது.

மார்கழியில் மறுபடி போகிறோம், பெரியவர்கள் 3 பேர் வருகிறார்கள். அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: வரப்பில் இறங்காமல் கண்மாய்க் கரையிலேயே போக வழி உண்டா? வெறுங்கால்தான் வழுக்காது என்கிறார் அப்பத்தா. எனக்குக் கருவேல முள்ளை நினைத்தால் பயம். அப்புறம், யாரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது முறை?