திரும்பி வராத விருந்தாளிகள்

தாப்பா, லோரிக்காரர் மகன்:

மலேசியாவின் கேமரன் மலைக்கு ஓய்வெடுக்க வந்து காணாமல் போன ஜிம் தாம்சனைப் பற்றி அப்பா எங்களுக்குச் சொன்னதை எழுதுகிறேன். 1967-இல் அப்பா தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டினார். தாம்சன் அமெரிக்கர். பேங்காக்கில் தங்கி, தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகமெங்கும் விற்றுப் பேர் வாங்கியவர். மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் தேவாலயத்துக்குப் போய், வெளியில் சாப்பிட்டுவிட்டு, தானா ராத்தாவில் நண்பர்கள் வீடான மூன்லைட் பங்களாவுக்குத் திரும்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் இவர் மட்டும் வெளியே நடந்தார். சிகரெட்டும் மாத்திரை டப்பாவும் வைத்த இடத்திலேயே இருந்தன. 61 வயது மனிதர். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி எனப்படும் காட்டுப் பூர்வகுடிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள். அப்பாவும் தோட்டத்து ஆட்கள் சிலரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் புகையிலையை நனைத்து வைத்துக்கொள்வார்களாம். பத்தடி உள்ளே போனால் வந்த வழி தெரியாது. பிரம்பு முள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் முன்னால் இழுக்கக்கூடாது, கிழித்துவிடும். ஓரடி பின்னால் வந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நாலு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். அந்தப் பனிக்குள் எவ்வளவு கத்தினாலும் குரல் ஈரத்தில் அமுங்கிப்போகும். அதனால் அப்பா பாதையோரம் லோரியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். அடித்துவிட்டு இன்ஜினை அணைத்துக் காது கொடுப்பார். சத்தம் வரும் திசையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் நடந்து வந்துவிட மாட்டாரா என்றுதான்.

புலி அடித்தது, கடத்தினார்கள், போர்க்காலத்தில் உளவு வேலை பார்த்தவர், அதனால் ஒளிந்துகொண்டார் என்று ஊரில் ஆயிரம் கதை. அப்பா எதையும் ஏற்கவில்லை. "சிகரெட்டை விட்டுட்டுப் போனவரு தூரம் போக நெனைக்கல. பக்கத்துலதான் எங்கேயோ பள்ளத்துல விழுந்து கெடந்திருக்காரு. நம்ம கண்ணுல படல" என்பார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 1974-இல் சட்டப்படி அவரை இறந்தவராக அறிவித்தார்கள்.

தாப்பா, துணிக்கடை அக்கா:

தம்பி, இதைப் படித்ததும் எனக்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைதான் ஞாபகம் வந்தது. 2024 ஆகஸ்ட் 23 காலை. ஆந்திராவின் குப்பத்திலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்த 48 வயது அம்மா, நடைபாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே காலடியில் தரை உள்வாங்கிவிட்டது. எட்டு மீட்டர் பள்ளம்.

மூன்றாம் நாள் சரக்கெடுக்கப் போனேன். இருபது வருஷமாகத் துணி மூட்டையை இழுத்துக்கொண்டு நடக்கும் அதே இடம், தம்பி. தீபாவளி நெருங்கினால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அன்றைக்குத் தடுப்பு வைத்து மூடியிருந்தார்கள். வழக்கமாகச் சேலை எடுக்கும் கடை முதலாளி விலையே சொல்லாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்பு வீரர்கள், கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கினார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பைக் கரைத்துப் பார்த்தார்கள். 28-ஆம் தேதி ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு பள்ளம் விழுந்தது. உள்ளே இறங்குகிறவர்கள் உயிருக்கே ஆபத்து என்று ஒன்பதாம் நாள் தேடலை நிறுத்தினார்கள். அது ஆகஸ்ட் 31, மெர்டேக்கா, நம் சுதந்திர தினம். அந்த அம்மாவின் செருப்புதான் கிடைத்தது.

அடுத்த தடவை போனபோது தடுப்போரம் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அவர் யாரோ. ஆனால் அந்த அம்மாவின் பிள்ளையை நினைத்தால் மனசு ஆறவில்லை. உடம்பே கிடைக்காவிட்டால் கருமாதிக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? யாரைக் கேட்பது?

தாப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

உடல் கிடைத்தும் பதில் கிடைக்காதவர்கள் இருக்கிறார்களம்மா. 2019 ஆகஸ்டில் சிரம்பான் பக்கம் காட்டோர விடுதிக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பத்தின் 15 வயது மகள் காணாமல் போனாள். முதல் இரவு தாண்டியதும் படுக்கையில் பிள்ளை இல்லை. பத்தாம் நாள் ஓடையருகில் சடலமாகக் கிடைத்தாள். 2021 ஜனவரியில் மரண விசாரணை நீதிமன்றம் அது விபத்து என்றது. பெற்றோர் விடவில்லை. ஜூனில் உயர்நீதிமன்றம் அதை மாற்றி, காரணம் இன்னதென்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஒன்றும் தெரியாது என்று எழுதி வாங்குவதற்காக ஒரு தாய் தகப்பன் போராட வேண்டியிருந்தது.

தாப்பா, லோரிக்காரர் மகன்:

அக்கா, நீங்கள் கேட்டதற்கு எங்கள் பாட்டி செய்ததைச் சொல்கிறேன். தாத்தாவை 1943-இல் ஜப்பான்காரன் சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனான். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து போனவர்களில் இரண்டு பேர்தான் திரும்பினார்கள். தாத்தாவைப் பற்றி அவர்களுக்கும் தெரியவில்லை. பாட்டி பத்து வருஷம் தாலியைக் கழற்றவில்லை. கோயில் பெரியவர் ஒருவர்தான், "அவரு வாசப்படி எறங்கின நாளையே வச்சுக்கம்மா" என்றாராம். அதற்குப் பிறகு அந்தத் திதியில்தான் படையல் போட்டோம்.

தாத்தா போனபோது அப்பாவுக்கு ஏழு வயது. தாம்சனைத் தேடி அவர் அப்படி அலைந்தது ஏன் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. தேடல் நின்ற பிறகும், அந்தப் பக்கம் லோரி போனால் ஒரு தரம் ஹாரன் அடிப்பார். கிளீனர் பையன் ஏன் என்று கேட்டால் பதில் வராது. லோரியை விற்கும்வரை அதை விடவில்லை.

அந்த அம்மாவுக்கு ஆகஸ்ட் 23-ஐ வைத்துக்கொள்ளுங்கள், அக்கா.