ரிமோட் படகுக்குப் பெரிய பற்றரி போட்ட கதை

மல்லாவியில் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு மாமா கனடாவிலிருந்து ரிமோட் படகொன்று கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு செல் லிப்போ பற்றரி, மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 40 அம்பியர் கொன்ட்ரோலர், 40 மில்லிமீற்றர் புறொப்பெல்லர். நன்றாகத்தான் ஓடியது. பெடியனுக்கு அந்த வேகம் காணாது. மூன்று செல் பற்றரி ஒன்றை வாங்கிக்கொண்டு, "அண்ணை, இதைப் போட்டால் ஒன்றரை மடங்கு ஓடும்தானே?" என்று வந்து நின்றான்.

மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். மோட்டரில் 2000 கேவி என்று இருந்தால், சுமை இல்லாதபோது ஒவ்வொரு வோல்ற்றுக்கும் நிமிடத்துக்கு 2000 சுற்று. இரண்டு செல்லின் 7.4 வோல்ற்றில் 14,800, மூன்று செல்லின் 11.1 வோல்ற்றில் 22,200. ஆனால் அதே புறொப்பெல்லரைத் தண்ணீருக்குள் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழற்ற மூன்று மடங்குக்கு மேல் வலு வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

வவுனிக்குளத்துக் கரையில் படகைப் பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தைக் காட்டும் வாற் மீற்றர் போட்டுப் பார்த்தோம். பழைய பற்றரியில் முழு வேகத்துக்கு 24 அம்பியர். புதியதில் முக்கால்வாசி கொடுக்கும்போதே 40 வந்துவிட்டது. அதோடு நிறுத்தினேன்.

"கொன்ட்ரோலர் 40தானே கொடுக்கும், பிறகென்ன?" என்றான். கனபேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 40 என்பது அது தாங்கும் அளவு. எவ்வளவு இழுப்பது என்பது மோட்டரையும் புறொப்பெல்லரையும் பொறுத்தது. கொன்ட்ரோலர் தாங்காவிட்டால் எரியும், அவ்வளவுதான். பற்றரிக்கும் அதே கதை. 2200 மில்லியம்பியர் மணி, 20சி என்றால் அது தாங்கும் அளவு 2.2 தர 20, அதாவது 44 அம்பியர். (அந்தச் சி எண்ணை நான் முழுதாக நம்புவதும் இல்லை.)

கொன்ட்ரோலரையும் பற்றரியையும் பெரிதாக்கலாம், ஆனால் காசு யார் தருவது? 35 மில்லிமீற்றர் புறொப்பெல்லர் மாட்டினோம். விட்டம் கொஞ்சம் குறைந்தாலே சுமை நன்றாக இறங்கும். முழு வேகத்தில் 31 அம்பியர். படகும் முன்னையைவிட விரைவாகவே ஓடியது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு பதில்:

அண்ணை, அளந்து பொருத்தினாலும் இரணைமடுவில் எங்களுக்கு வேறு மாதிரி நடந்தது. பழைய தங்கூசித் துண்டு ஒன்று புறொப்பெல்லரில் சுற்றி இறுகிவிட்டது. சுழல முடியாத மோட்டர் மின்னோட்டத்தைக் கண்டபடி இழுக்கும். 60 அம்பியர் கொன்ட்ரோலர் புகைந்துபோனது. இப்போது கொன்ட்ரோலரை அளந்த அம்பியருக்கு மேல் பாதியாவது கூட்டித்தான் வாங்குகிறேன். முதலை இருக்கும் குளம், நின்றுபோன படகை நீந்திப் போய் எடுக்க ஒருவருக்கும் மனமில்லை. மீன்பிடிக்கும் ஐயா ஒருவர்தான் வள்ளத்தில் போய் எடுத்துத் தந்தார். "இது மீன் பிடிக்குமோ தம்பி?" என்று வேறு கேட்டார்.

முல்லைத்தீவிலிருந்து இன்னொருவர்:

நந்திக்கடலில் விடுபவர்கள், கொன்ட்ரோலரைக் குளிரூட்டும் தண்ணீர் படகின் பக்கத்துத் துளையால் பீச்சுகிறதா என்று கரையிலேயே பாருங்கள். குழாய்க்குள் மணல் அடைத்தால் 60 அம்பியர் கொன்ட்ரோலரும் சூட்டில் போய்விடும். ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பெயாரிங் துருப்பிடிக்கும்.