ராக் இசையின் கனத்த வகையான மெட்டலைப் பற்றி சாம் டன் எடுத்த ஆவணப்படங்களில் உங்களை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் எது?

பழைய கேசட்:
போன வாரம் வீடு மாற்றும்போது ஒரு அட்டைப் பெட்டிக்குள் அந்த டிவிடி கிடைத்தது. 2006இல் பர்மா பஜாரில் வாங்கியது. உறையில் படத்தின் பெயரையே தப்பாக அச்சிட்டிருந்தான். சரியான பெயர் 'மெட்டல்: எ ஹெட்பேங்கர்ஸ் ஜர்னி'. சாம் டன் என்ற கனடாக்காரர், மானுடவியல் படித்தவர், 12 வயதிலிருந்து மெட்டல் கேட்டு வளர்ந்தவர், "இந்த இசை என்றாலே ஏன் முகம் சுளிக்கிறார்கள்" என்று கேட்டுக்கொண்டு கேமராவோடு ஊர் ஊராகப் போன படம். 2005இல் வந்தது.

அப்போது எங்கள் வீட்டில் ஒரே டிவி, அது கூடத்தில். பாட்டி கீழே உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் மெட்டல் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ வந்து, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கொம்பு காட்டினார். "இவன் ஏண்டா ஆட்டுக்கொம்பு காட்டறான்?" என்றார் பாட்டி. மெட்டல்காரர்கள் எல்லாரும் காட்டும் அந்தக் கையை டியோ தன்னுடைய இத்தாலியப் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டாராம். தெருவில் யாராவது ஒரு மாதிரியாகப் பார்த்தால் அந்தப் பாட்டி விரலை அப்படி நீட்டுவார், கண்ணேறு கழிய. நான் இதைத் தமிழில் சொன்னதும் பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ நம்ம உப்பு மிளகாய்தான். இதுக்கா உங்கப்பா சாத்தான் பாட்டுன்னு கத்தறான்?"

அப்பாவிடம் நான் இரண்டு வருடமாக வாதாடி ஜெயிக்க முடியாத வழக்கு அது. உங்களுக்கு எந்த இடம்?

பிரதிமத்யமம்:
நான் மெட்டல் ரசிகை இல்லை. 9 வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். அண்ணன் போட்ட படத்தை ஓரமாக நின்று பார்த்தேன். 'சாத்தானின் சுரம்' என்று ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. 1970இல் வந்த பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு. கீழ் ஸ, மேல் ஸ, அப்புறம் இறங்கி ஒரு சுரம். அண்ணன் பின்னால் ஓட்டி ஓட்டி மூன்று தடவை போட்டான். நான் உள்ளே போய் சுருதிப் பெட்டியை எடுத்து வந்து பாடிப் பார்த்தேன். ம2! பிரதி மத்யமம், இரண்டு 'ம'வில் மேலே இருப்பது!

மேளகர்த்தா, அதாவது தாய் ராகம், 72இல் சரிபாதி, 36 ராகம், இந்த மத்யமத்தில்தான் நிற்கிறது. கல்யாணி இல்லாமல் ஒரு கல்யாணக் கச்சேரி நடக்குமா? ஐரோப்பாவில் பழைய இசை இலக்கணக்காரர்கள் ஸவுக்கும் ம2வுக்கும் நடுவே உள்ள இதே இடைவெளியைத் தவிர்க்கச் சொல்லிச் சாத்தானின் பெயரையும் வைத்துவிட்டார்கள். நமக்கு ம2 வந்தால் பக்கத்திலேயே பஞ்சமம் காத்திருக்கும், போய் உட்கார்ந்துகொள்ளலாம். பிளாக் சபாத்தின் கித்தார்காரர் டோனி ஐயோமி உட்கார விடுவதில்லை. அந்த சுரத்தை உலுக்கி அப்படியே தொங்க விடுகிறார். வயிற்றைக் கலக்குவது அதுதான்.

ஐயோமியின் விரல் கதையை அண்ணன் அப்புறம் சொன்னான். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில், 17 வயதில், வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குத் தந்தியைத் தளர்த்தி மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். விரலும் பிழைத்தது, சத்தமும் கனத்தது. கட்டையை இறக்கிப் பாடச் சொன்னால் முகம் வாடுகிற பாடகர்களை நினைத்துக்கொண்டேன்.

விடுதி அறை 14:
அதே முதல் படத்தில் நார்வே பகுதி. கோர்கோராத் என்ற மெட்டல் குழுவின் பாடகர், 'கால்' (Gaahl) என்று பெயர், மங்கிய வெளிச்சத்தில் வைன் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இசைக்கு உந்துதல் எது என்று கேள்வி. நீண்ட மௌனம். அப்புறம் ஒரே சொல்: சாத்தான். அப்புறம் ஒரு மடக்கு வைன். அறையில் இருந்த 11 பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதே வாரம் மெஸ்ஸில் "சாம்பார் எப்படி?" என்று எவன் கேட்டாலும் பத்து விநாடி மௌனத்துக்குப் பிறகு இதே பதில்தான்.

பேலஸ் கிரவுண்ட்ஸ்:
எனக்கு அடுத்த படம், 2008இல் வந்த 'குளோபல் மெட்டல்'. பிரேசில், ஜப்பான், சீனா, இந்தோனேசியா, இஸ்ரேல் என்று சுற்றுகிற படம். இந்தியாவும் உண்டு. அதில் வரும், அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழுவின் பெங்களூரு கச்சேரியில் நான் இருந்தேன்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. மெய்டன் இந்தியாவுக்கு வந்த முதல் தடவை. சென்னையிலிருந்து நாங்கள் நாலு பேர் முந்தின ராத்திரி பஸ் ஏறினோம். வீட்டில் சொன்னது நண்பனின் அக்கா கல்யாணம். கறுப்பு டீ-ஷர்ட்டைப் பையின் அடியில் வைத்து மேலே பட்டு வேட்டியை மடித்து வைத்திருந்தேன். மைதானத்து வாசலில் வரிசை நகரவே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்தில் நின்றவர் குவஹாத்தியிலிருந்து ரயிலில் வந்தவர். இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நாங்கள் வாயைப் பிளக்க, அவருக்குப் பின்னால் நின்றவர் காத்மாண்டு என்றார். அதுவரை சென்னையில் மெட்டல் கேட்பவர்கள் மொத்தம் முப்பது பேர் என்றுதான் நான் நினைத்திருந்தேன், முப்பது பேரையும் தெரியும் என்றும்.

'ஃபியர் ஆஃப் தி டார்க்' ஆரம்பித்தபோது கித்தாரின் மெட்டையே கூட்டம் ஓ-ஓ என்று பாடியது. ஐரோப்பியக் கச்சேரிப் பதிவுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஓ-ஓ. யாரும் சொல்லித் தரவில்லை. பல்லாயிரம் பேர் அவரவர் அறையில் தனியாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

திரும்புகிற பஸ் கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நின்றது. இரண்டரை மணி இருக்கும். கடை டிவி முன்னால் ஒரு கூட்டம் செத்த வீடு மாதிரி நின்றது. உலகக் கோப்பையில் பங்களாதேஷிடம் இந்தியா தோற்றுக்கொண்டிருந்தது. அன்று நாடே தூக்கம் கெட்டுத் துக்கத்தில் இருக்க, மெய்டனின் சின்னமான எடி பூதத்தின் படம் போட்ட சட்டையோடு நாங்கள் நாலு பேர் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு டீ குடித்தோம். ஒரு லாரி டிரைவர் அடிக்காத குறைதான்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் கழித்துப் படம் கிடைத்ததும் பெங்களூரு காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி என்னைத் தேடினேன். இல்லை. நாலு பேரில் ஒருவனுடைய முழங்கை என்று நாங்கள் நம்புகிற ஒரு முழங்கை இருக்கிறது. அவன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். ஆனால் எனக்கு அது குறையாகவே படவில்லை. வெளிநாட்டுக்காரன் எடுத்த படத்தில் இந்தியக் கூட்டம் என்றால் அதுவரை கும்பமேளா, இல்லாவிட்டால் ரயில் கூரை. இங்கே நம்மாட்கள் நினைத்த பாட்டுக்குக் கத்திக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். விளக்கமே தேவைப்படவில்லை.

ஈப்போ பையன்:
நான் மலேசியா. 'குளோபல் மெட்டல்' படக்குழு எங்கள் ஊருக்கு வரவில்லை, பக்கத்து ஜகார்த்தாவோடு போய்விட்டது. ஆனாலும் என்னை அசைத்தது அந்தப் பகுதிதான்.

2001இல் இங்கே பிளாக் மெட்டல் பீதி, மெட்டலில் சாத்தான் பேச்சு அதிகம் உள்ள கிளை அது. பேப்பரைத் திறந்தால் அதுதான். நான் நாலாம் படிவம். ஒழுங்கு ஆசிரியர் பையைக் கொட்டச் சொன்னார். கேசட் இரண்டு, அதில் ஒன்று அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது அம்மா பூசிவிட்ட திருநீறும் வேர்க்குருவும்தான். கேசட் திரும்பி வரவில்லை. 2006இல் பிளாக் மெட்டலுக்கு எதிராக ஃபத்வாவே வந்தது.

மெட்டாலிகா 1993இல் ஜகார்த்தாவில் வாசித்தபோது வெளியே பெரிய கலவரம், தீ வைப்பு. எங்கள் பெரியவர்கள் வருடக் கணக்கில் எடுத்துக்காட்டியது அதைத்தான். படத்தில் அதே ஊரின் பையன்கள் தொழுகையையும் மெட்டலையும் ஒரே வாழ்க்கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பேசுகிறார்கள். அந்த ஆசிரியருக்கு இதைப் போட்டுக் காட்டவேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வருடம் அவரை ஒரு கோப்பிக் கடையில் பார்த்தேன். வயதாகிவிட்டது. "நல்லா இருக்கியா தம்பி" என்றார். கோப்பிக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

நொட்டை சொல்பவன்:
எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் குறை சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் மெட்டலுக்கு ஒரு வம்ச விருட்சம் போட்டுக் காட்டினாரே, அதை வைத்து எங்கள் குழுவில் நாலு நட்பு முறிந்தது. எந்தக் கிளை எதிலிருந்து வந்தது என்று சொத்துத் தகராறு மாதிரி சண்டை. நார்வேயில் மெட்டல்காரர்கள் சிலர் தேவாலயங்களை எரித்த கதைக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியதும் எனக்குப் பிடிக்கவில்லை. வெறுப்பவர்கள் கேட்க விரும்புகிற கதை அது. அப்புறம் 2011இல் 'மெட்டல் எவல்யூஷன்' என்று 11 பகுதித் தொடர் எடுத்தார், அதில் எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்கு, அதாவது மெட்டலிலேயே மிகக் கடுமையான வகைகளுக்கு, இடமே இல்லை. கடைசியில் ரசிகர்கள் ஆளாளுக்குக் காசு போட்டு அந்தப் பகுதியை எடுக்க வைத்தார்கள். கோயிலுக்கு வரி போட்டுக் கொடை நடத்துகிற மாதிரி. அதில் மட்டும் எனக்குப் புகார் இல்லை.

சும்மா பார்த்தவள்:
என் கணவர் கல்யாணமான புதிதில் என்னைப் பிடித்து உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னது 'ஃப்ளைட் 666'. மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானம் ஓட்டுகிறார், குழுவும் சாமான்களும் ஒரே போயிங் 757இல். 2008 பிப்ரவரி 1 மும்பையில் தொடங்குகிற பயணம். விமானம் நன்றாக இருந்தது, பாட்டு தலைவலி.

அப்புறம் கொலம்பியாவில் பொகோட்டா. கச்சேரி முடிந்துவிட்டது. ஒருவர் டிரம்ஸ் குச்சி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மேடையிலிருந்து வீசியது. கண்ணீர் கொட்டுகிறது. பேசவில்லை, துடைக்கவும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கொடையில் சாமி இறங்கின பிறகு ஆடியவர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார் இல்லையா, அந்த முகம். திரும்பிப் பார்த்தால் என் கணவரும் அழுதுகொண்டிருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பா கேட்ட ஏழெட்டுக் கேள்விக்கும் ஆமா, இல்லை என்று மட்டும் பதில் சொன்ன மனிதர். பாட்டு இன்றைக்கும் தலைவலிதான். சத்தத்தைக் குறைக்கச் சொல்வதை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

பழைய கேசட்:
எல்லாவற்றையும் படித்தேன். பேலஸ் கிரவுண்ட்ஸ், அந்த முழங்கையின் படத்தை இங்கே போடுங்கள், வாக்கெடுப்பு வைத்துவிடலாம்.

என் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. அன்று படம் முடிந்ததும் பாட்டி அந்தக் கொம்பைத் தானே போட்டுப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நீண்டது. சுண்டு விரல் வாதத்தில் மடங்கிப் போனது, எழும்பவில்லை. இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "சரியாடா?" என்றார். 2010 மே மாதம் டியோ இறந்த செய்தி வந்தபோது "உன் இத்தாலிக்காரன் போயிட்டானா" என்று அவர்தான் முதலில் கேட்டார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, யார் அது என்றார்.