செய்யாத குற்றத்துக்கு ஹெல்மெட் சலான்: கட்டிவிடலாமா, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா?

எக்ஸ்எல் வீட்டுக்காரன்:

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா பெயரில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கிறது. 2014இல் வாங்கியது, டிஎன் 32 பதிவு. போன வாரம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு ஆயிரம் ரூபாய், பிரிவு 194டி என்று இருந்தது. சம்பவ இடமாகப் போட்டிருப்பது எங்கள் ஊரிலிருந்து நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு மாநகரம். அப்பா அந்த வண்டியில் விழுப்புரம் தாண்டிப் போனதே கிடையாது.

படத்தைத் திறந்து பார்த்தேன். அது ஒரு வெள்ளை ஸ்கூட்டர். ஓட்டுவது சின்னப் பையன். பின்னால் ஓர் அம்மா மடியில் மிக்சிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. நம்பர் பிளேட்டில் கடைசி எண் மேல் சேறு. எங்கள் வண்டிக்குக் கடைசி எண் 3. படத்தில் இருப்பது 3ஆ 8ஆ என்று போனில் பார்த்தால் பிடிபடவில்லை.

அந்தத் தேதியில் அப்பா ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் உளுந்து விற்றுக்கொண்டிருந்தார். ரசீது கையில் இருக்கிறது.

அப்பாவுக்கு 68 வயது. "இத்தனை வருஷத்துல போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினதில்ல, என் பேர்ல கேஸாடா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். வண்டியை விற்கலாம் என்று இருந்தோம். சலான் நிலுவையில் இருந்தால் பெயர் மாற்ற விடமாட்டார்கள், பேசாமல் கட்டிவிடுங்கள் என்கிறார் புரோக்கர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இணையக் காவல்:

முதலில் அந்த மெசேஜ் உண்மையா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பி, அதை இன்ஸ்டால் செய்ததும் வங்கிக் கணக்கைச் சுருட்டும் கும்பல்கள் இருக்கின்றன. வந்த லிங்க்கைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

எக்ஸ்எல் வீட்டுக்காரன்:

நன்றி. அப்படித்தான் பார்த்தேன். சலான் உண்மைதான்.

நாலுவழிச்சாலை:

தம்பி, நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம் போய்வர பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் வேலை கெடும், அப்புறம் வாய்தா. ஆயிரத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள் அப்பாவை. நான் அப்படித்தான் செய்வேன்.

பழைய கோர்ட்டு:

கட்டாதீர்கள் தம்பி. நான் பல ஊர் ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்.டி.சி. என்கிற சுருக்க விசாரணை வழக்குக் கட்டுகளைத் தினமும் கையில் எடுத்துக் கொடுத்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

சலானுக்குப் பணம் கட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 200ஆவது பிரிவின்படி குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொள்வது. அதாவது, தவறு நடந்தது, அதற்குண்டான தொகை இதோ என்று ஆகிவிடும். 194டியில் ஆயிரம் ரூபாய் மட்டும் எழுதியிருக்கவில்லை, மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஓட்டாத வண்டிக்கு அந்தப் பழியை உங்கள் அப்பா ஏன் சுமக்க வேண்டும்?

இப்போது உடனே செய்யவேண்டியது: படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசி எண் 8 என்றால், கேமராவோ அதைப் பதிவேற்றியவரோ தப்பாகப் படித்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு கடிதத்தில் முடியும். 3 என்றே தெரிந்தால் விஷயம் வேறு. உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு வேறொரு வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். நாளைக்கு அந்த ஸ்கூட்டர் யார்மீதாவது மோதிவிட்டு நிற்காமல் போனால் போலீஸ் தேடிவருவது உங்கள் வீட்டைத்தான். அப்படியானால் இன்றைக்கே உங்கள் ஊர் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "பாத்துக்கலாம் போங்க" என்று அனுப்பப் பார்த்தாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

இரண்டில் எதுவாக இருந்தாலும், சலான் போட்ட போக்குவரத்துப் பிரிவுக்கு ஒரு மனு. நீளமாக வேண்டாம். சலான் எண், தேதி, "படத்தில் இருப்பது ஸ்கூட்டர், எனது வாகனம் மொபெட், ஆகவே சலானை ரத்து செய்யவும்" என்று நாலு வரி. ஆர்.சி. நகல், வண்டியை முன்னால், பின்னால், பக்கவாட்டில் எடுத்த படங்கள், உளுந்து ரசீது நகல் ஆகியவற்றை இணையுங்கள். அப்பா கையெழுத்துப் போடவேண்டும், வண்டி அவர் பெயரில்தானே. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தளத்தில் புகார் பதியும் இடம் இருக்கிறது, அங்கேயும் போடுங்கள். ஆர்.சி.யில் வாகன வகை என்ன என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் கேஸ். ஒழுங்குமுறை விற்பனைக் கூட ரசீது அதற்குத் துணை.

மனுவுக்குப் பதில் இல்லையென்றால்தான் கோர்ட்டு. சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது சலான்களை இணையத்திலேயே கையாளும் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அந்தத் தளத்தில் பணம் கட்டும் வழியும் இருக்கும், எதிர்த்து வழக்காடும் வழியும் இருக்கும். எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த எல்லைக்குரிய வழக்கமான கோர்ட்டுக்கு மாறும்.

கோர்ட்டு என்றதும் பயப்படுகிறார்கள், அதனால் அங்கே நடப்பதைச் சொல்கிறேன். டவாலி (கோர்ட்டு சேவகர்) வராந்தாவில் நின்று பெயரைக் கூப்பிடுவார். பெட்டி கேஸ்காரர்கள் வரிசையாக உள்ளே வருவார்கள். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அப்படிக் கேட்டே ஆகவேண்டும், இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 274ஆவது பிரிவு அது. முன்னால் நிற்கிறவர் தலையாட்டுவார், அதைப் பார்த்து அடுத்தவரும் ஆட்டுவார். கேள்வி காதில் சரியாக விழாமலே ஆட்டுபவர்களும் உண்டு. அந்தத் தலையாட்டல் எஸ்.டி.சி. பதிவேட்டில் "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று ஏறிவிடும். அதன்பிறகு, நான் செய்யவே இல்லை என்று அப்பீலில் பேச வழியில்லை. ஒரு பெரியவர் அபராதத்தைக் கட்டிவிட்டு என் மேஜைக்கு வந்து, "நான் அந்த வண்டியை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றார். அதை உள்ளே சொல்லியிருக்கவேண்டும். வெளியே வந்த பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

"இல்லீங்கய்யா, அது என் வண்டி இல்ல" என்று ஒரு வாக்கியம் போதும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை, மாஜிஸ்திரேட் அதைப் பதிந்துகொண்டு சாட்சி விசாரணைக்குத் தேதி போடுவார். நிரூபிக்கும் பொறுப்பு அதற்குப் பிறகு போலீஸ் தரப்புடையது. சலான் போட்ட அதிகாரி வந்து சாட்சி சொல்லவேண்டும். படம் மின்னணு ஆவணம் என்பதால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63. அந்தப் படத்தில் ஸ்கூட்டர் இருக்கும்போது, ஆர்.சி.யில் மொபெட் என்று இருக்கும்போது, கேஸ் எப்படி நிற்கும்?

நாலுவழிச்சாலை:

ஐயா, என் யோசனையைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். அப்படியே என் விஷயத்தையும் கேட்கிறேன். நெடுஞ்சாலையில் வேகத்துக்கு கேமரா சலான் வந்திருக்கிறது. கேமரா இருக்கிறது என்று எங்கேயும் போர்டு பார்த்த ஞாபகம் இல்லை. எதிர்க்கலாமா?

பழைய கோர்ட்டு:

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றை 2021 ஆகஸ்டில் சேர்த்தார்கள். கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்கவேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். சம்பவம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். வழக்கு முடியும்வரை பதிவை அழிக்கக்கூடாது. இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் கேமராவின் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். வேகமாகப் போனீர்களா? போயிருந்தால் கட்டிவிடுங்கள். நாலுவழிச் சாலையில் அடிபட்டவர்களின் கேஸ் கட்டுகளையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போஸ்ட்மார்ட்டம் சர்டிபிகேட்டைக் கட்டில் கோக்கும்போது கை கூசும். பலகை இல்லாத ஓட்டையைப் பிடித்துத் தப்பிக்க நான் வழி சொல்லமாட்டேன். போகவில்லை, கருவி தப்பு என்று உறுதியாக இருந்தால் சொல்லுங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.

நாலுவழிச்சாலை:

போனேன் ஐயா. கட்டிவிடுகிறேன்.

எக்ஸ்எல் வீட்டுக்காரன்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சேற்றுக்கு இடது பக்கம் இரண்டு வளைவும் மூடியிருப்பது தெரிகிறது. 8தான். மனு எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். இன்று அனுப்பியாயிற்று.

இரண்டு சந்தேகம். மனுவுக்குப் பதில் வருவதற்கு முன்னால் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டால் அப்பாவே அவ்வளவு தூரம் போகவேண்டுமா? ஆறு மாதம் போனால் கேஸ் செல்லாது என்று ஒருவர் சொன்னார், சும்மா இருந்துவிடலாமா?

பழைய கோர்ட்டு:

8 என்றால் நல்லது. மனுவில் அதையும் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் பெரிதாக்கிய படத்தோடு இன்னொரு கடிதம் போடுங்கள்.

சம்மன் வந்தால்: மோட்டார் வாகனச் சட்டம் 208ஆவது பிரிவு இந்த மாதிரி சுருக்க விசாரணை வழக்குகளுக்கானது. நேரில் வரலாம், வக்கீல் மூலமும் ஆஜராகலாம் என்று சம்மனிலேயே இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் பணம் அனுப்பலாம் என்றும் கூடவே போட்டிருக்கும். அது சுலபமாக இருக்கிறதே என்று அப்பா அதைச் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரிலேயே ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்துக் கொடுங்கள். வக்கீல் செலவுக்கு முடியாது என்றால், அந்தக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அங்கே கேளுங்கள்.

ஆறு மாதக் கணக்கு உண்மை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் கோர்ட்டு கையிலெடுக்கவேண்டும், பி.என்.எஸ்.எஸ். 514. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமலே விர்ச்சுவல் கோர்ட்டில் கோப்பு ஏறியிருக்கலாம். வாரத்துக்கொரு முறை வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். புரோக்கர் சொன்னதில் ஒரு பாதி சரி, நிலுவை இருந்தால் பெயர் மாற்றத்தில் இடைஞ்சல் வரும். அதனால் சலான் ரத்தாகும்வரை வண்டியை விற்கும் பேச்சை ஒத்திவையுங்கள்.

அப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்று சொல்ல இங்கே வழியில்லை. இதைப் படித்துக் காட்டுங்கள்: ஐயா, சலான் வந்ததாலேயே உங்கள் பேரில் கோர்ட்டில் கேஸ் நம்பர் விழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விழுந்தாலும், நீங்கள் சொல்லவேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.